லோயர் பெர்த்தும் என் முழங்காலும்

என் முழங்கால் வலிக்கு ஒரு விசேஷம் உண்டு. வீட்டுல வலிக்காது. பருத்திக்காட்டுல நடந்தா வலிக்காது. கொடைக்கு மொளகாப்பொடி அரைக்க மில்லுல மூணு மணி நேரம் நின்னாலும் வலிக்காது. ரயில் பெட்டிக்குள்ள காலை வைக்கணும், அதுவும் எனக்கு மேல் பெர்த்து விழுந்திருக்கணும், அப்பத்தான் சுரீர்னு பிடிக்கும். டாக்டரு கையை வச்சுப் பாத்துட்டு தேய்மானம்னு சொன்னாரு. தேய்மானந்தான். எந்த எடத்துல தேயணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

கோவில்பட்டியில ராத்திரி ரயில் ஏறி மெட்ராஸுல இருக்கிற மகன் வீட்டுக்குப் போறது வருஷத்துக்கு மூணு தடவை. பேரன் செல்போன்ல டிக்கெட் போட்டுத் தருவான். 60 நாளைக்கு முன்னாடியே போட்டுக்கிடலாம்னு இருக்கு. 74 வயசுக்காரனை 60 நாள் கழிச்சு எங்க இருப்பேன்னு கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? அதனால நாலு நாளைக்கு முன்னாடிதான் போடுவோம். 60 தாண்டின ஆம்பளைக்கும் 45 தாண்டின பொம்பளைக்கும் கீழ் பெர்த்துல தனிக் கோட்டா உண்டு, இல்லைங்கல. ஊர்ல உள்ள மத்த கிழடுக எல்லாம் என்னைவிடக் கெட்டிக்காரங்களா இருந்தா கோட்டா என்ன செய்யும்? தீந்துபோச்சு. எனக்கு விழுந்தது 27.

கணக்கு தெரியாதவுகளுக்குச் சொல்லுதேன். ஸ்லீப்பர் பெட்டியில நம்பரை எட்டால வகுத்துக்கிடணும். மீதி 1, 4 வந்தா கீழ. 2, 5 வந்தா நடுவுல. 3, 6 வந்தா மேல. 7 வந்தா சைடுல கீழ. மீதியே இல்லைன்னா சைடுல மேல. வகுத்தலை இப்பிடிச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் ஆறாங்கிளாசோட நின்னிருக்க மாட்டேன். 27க்கு மீதி 3. ஏணியில ஏறணும்.

25ல ஒரு பையன் உக்காந்திருந்தான். வேலைக்குப் போற வயசு. காதுல வெள்ளை மொச்சைப்பயறு மாதிரி ரெண்டைச் சொருகிக்கிட்டு, மடியில கம்ப்யூட்டரை விரிச்சு வச்சிருந்தான். நல்ல களையான முகம். நம்ம வலையில விழுகிற மீனுதான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டேன்.

முதல் அஸ்திரம், "முருகா". ஒரு மாதிரி முனகி, கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லணும். கழுகுமலை வரைக்கும் கேட்டிருக்கும். மொச்சைப்பயறு வழி மறிச்சுட்டுது. ரெண்டாவது அஸ்திரம், தைலம். காதைத்தான அடைச்சிருக்கான், மூக்கு திறந்துதான இருக்கு? முழங்காலுக்கு ஒரு கை, காத்துக்கு ஒரு கைன்னு தேச்சேன். அவன் ரெண்டு தும்மல் போட்டுட்டு ஜன்னலைத் தூக்கி விட்டான். மூணாவது, ஏணிக்குப் பக்கத்துல நின்னு மேல பாத்துப் பெருமூச்சு விடுறது. இது பொம்பளைப் பிள்ளைககிட்டப் பலிக்கும். ஆம்பளைப் பிள்ளை நிமிந்தே பாக்காதுக. கடைசியா நாலாவது, எதிர் சீட்டுக்காரவுககிட்டப் பொதுவா ஒரு பேச்சை எடுத்து விடுறது. "என்னத்தா, அந்தக் காலத்துல பெரியவுகளைக் கண்டா பொசுக்குன்னு எந்திரிப்பாக. இப்ப எல்லாம் காலம் கெட்டுப்போச்சு."

28ல இருந்த அந்தம்மா பூக்கட்டிக்கிட்டு இருந்தவுக தலையைத் தூக்காமலே சொன்னாக: "அண்ணாச்சி, அந்தத் தம்பிகிட்ட நேராக் கேளுங்களேன்."

கேக்கவா? நானா? மரியாதையைப் போயி யாராவது கேட்டு வாங்குவாகளா? 2020 மார்ச்சுல கொரோனான்னு சொல்லிக் கிழடுகளுக்கு இருந்த ரயில் சலுகையை எடுத்தாக. ஆம்பளைக்கு நூத்துக்கு 40, பொம்பளைக்கு 50 குறைச்சுக்கிட்டு இருந்தது. கொரோனா போயிருச்சு, சலுகை வரல. ஆக, முழுச் சார்ஜு கொடுத்த திமிரும் எனக்கு இருந்தது. அந்தப் பையனும் அதே சார்ஜைத்தான் கொடுத்திருக்கான்ங்கிறது அப்பத் தோணல. இப்ப எழுதும்போதுதான் தோணுது.

வயசாளிக வித்தை இருக்கே, அது ரயிலோட நிக்கிற சமாச்சாரம் இல்லை. ரேஷன் கடை வரிசையில "எனக்கு ஒரே ஒரு கிலோ சீனிதாம்ப்பா"ன்னு பக்கவாட்டுல நுழையிறது, கல்யாண வீட்டுப் பந்தியில ரசத்துக்கு வந்துக்கிட்டிருக்கிற பையன் நாற்காலிக்குப் பின்னால போயி நின்னு அவன் பிடரியில மூச்சு விடுறது, பாங்கில சலான் எழுதித் தரச் சொல்லி முன்னால போன பிள்ளைகளையே குமாஸ்தா ஆக்குறது, எல்லாம் நமக்கு அத்துபடி. இதுல ராஜ வித்தை, பஸ்ஸுக்குத் துண்டு போடுறது. ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே கூட ஓடி, ஜன்னல் வழியா தோள் துண்டை எறிஞ்சு சீட்டைப் பிடிச்சிருவோம். ஓடும்போது முழங்கால் வலிக்காது. உள்ள ஏறின பிறகு ஒரு காலேஜுப் பிள்ளை அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்திருந்தா மட்டும் உயிர் போற மாதிரி வலிக்கும். பஸ்ஸுல கரம் சிரம் புறம் நீட்டாதீர்னு எழுதிப் போட்டுருக்காக. துண்டு நீட்டாதீர்னு எங்கயும் போடலையே.

டிரைவருக்குப் பின்னாடி ஒரு திருக்குறளும் எழுதியிருக்கும். இனியவை கூறல்னு வள்ளுவர் பத்தாவது அதிகாரமே போட்டுருக்காரு. அந்தப் பலகைக்குக் கீழ நின்னுக்கிட்டுத்தான் சில்லறைக்குச் சண்டை போடுவோம்.

ஒரு நாள் டவுன் பஸ்ஸுல நடந்ததைச் சொல்லுதேன். 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளையாளுகளுக்குக் காசு இல்லைன்னு ஆச்சுல்ல. சாயங்காலம் தீப்பெட்டியாபீஸ் வேலை விட்டு வார பிள்ளைக ரெண்டு பேரு உக்காந்திருந்தாக. என்கூட நின்ன ஒரு பெருசு, என் வயசுதான் இருக்கும், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "ஓசியில வாரதுக உக்காந்திருக்கு, காசு கொடுத்தவன் நிக்கான்"னு விட்டுது. அதுல ஒரு பிள்ளை எந்திரிச்சு எடத்தைக் கொடுத்துச்சு. கொடுத்துட்டு, ரொம்ப அமைதியா, "தாத்தா, ரேஷன்ல அரிசி வாங்குறீகளா?"ன்னு கேட்டுது. "ஆமா"ங்காரு. "கிலோ என்ன விலை?" பஸ்ஸே சிரிச்சுது. ரேஷன் அரிசிக்கு 2011 ஜூனுல இருந்து விலை கிடையாதுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். பெருசு உக்காந்தாரு, உக்காந்தது சுகமா இருந்திருக்காது. நானும் அதே வார்த்தையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கிட்டதால நான் தப்பிச்சேன்.

சரி, ரயிலுக்கு வருவோம். சாத்தூரு தாண்டிருச்சு, அஸ்திரம் நாலும் வீணாப்போச்சு. வேற வழியில்லாம அந்தப் பையன் தோளைத் தொட்டேன். மொச்சைப்பயறைக் கழட்டினான்.

"சொல்லுங்க ப்ரோ... ஐயோ, சாரி தாத்தா."

ப்ரோ! ஆயுசுல எனக்கு எத்தனையோ பேரு போட்டுருக்காக. சின்னப்பிள்ளையில தம்பி. மீசை முளைச்சதும் மச்சான், மாப்ளே. கொஞ்சம் நிலபுலம் பாத்ததும் அண்ணாச்சி. தலை நரைச்சதும் பெரியவரே. மகன் கூட்டிக்கிட்டுப் போன மெட்ராஸ் கடையில அங்கிள். கண்டக்டருக்கு நான் பெருசு. "பெருசு, உள்ள போ"ன்னா எனக்குத்தான்னு நானே நகந்துருவேன். ஆனா ப்ரோன்னு என்னை யாரும் கூப்பிட்டது இல்லை. அறுபது வருஷத்தை ஒரே வார்த்தையில கழிச்சுட்டானே! என் சம்சாரம் இருந்திருந்தா சிரிச்சே ரயிலை நிப்பாட்டியிருப்பா.

"எய்யா, எனக்கு 27. மேல ஏற முடியல. கீழ கொடுத்தா புண்ணியமாப் போகும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாத்தா. தைலம் போட்டுக்கிட்டே இருந்தீங்களா, உங்களுக்கு எதுவும் ஆயிருச்சோன்னு பயந்துட்டேன்." கம்ப்யூட்டரை மூடிப் பைக்குள்ள வச்சான், போர்வையை உதறி விரிச்சுக் கொடுத்தான். அவ்வளவுதான், அரை நிமிஷம். முக்கால் மணி நேரமா நான் நடத்தின நாடகத்துக்கு அரை நிமிஷத்துல திரை போட்டுட்டான். 28ல பூக்கட்டினவுக என்னைப் பாக்கவே இல்லை. அதுதான் ரொம்பச் சுட்டுது.

எடம் கிடைச்சதும் நமக்கு என்ன வரும்? பேச்சு வரும். ராத்திரி 10 மணிக்குத்தான் நடு பெர்த்தைத் தூக்கணும், அதுவரைக்கும் எல்லாரும் கீழதான் உக்காரணும். அவனும் பக்கத்துலயே இருந்தான். நான் ஆரம்பிச்சேன். என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? பிடித்தம் போக எவ்வளவு? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகலை? பாக்காகளா, இல்லை நீயே பாத்துட்டியா? போலீஸ்காரன்கூட இத்தனை கேள்வி கேட்டா எதுக்குன்னு காரணம் சொல்லுவான். நம்ம ஆளுக காரணமே சொல்ல மாட்டோம். நாம கேக்குறது அக்கறை, அவன் கேட்டா அதிகப்பிரசங்கித்தனம். அவன் எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டே பாதிப் பாதிப் பதில் சொன்னான். கடைசியா ஊரைக் கேட்டேன். சொன்னான். எங்க ஊருல இருந்து பஸ்ஸுல அரை மணி நேரம்.

"அங்க எந்தத் தெரு?"

பையன் என்னை ஒரு பார்வை பாத்தான். கோபம் இல்லை. பழகின கேள்விக்குப் பழகின ஆள் பாக்கிற பார்வை. "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தாத்தா"ன்னான்.

எந்தத் தெருன்னு கேட்டா நம்ம பக்கத்துல என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போஸ்ட்மேனைத் தவிர வேற யாருக்கும் தெருப் பேரு தேவை இல்லை. நான் அவனுக்குத் தபாலா போடப் போறேன்?

மேல துண்டைப் பத்திச் சொன்னேன்லா. அந்தத் துண்டுக்கு இன்னொரு கதை கிடக்கு. நான் எட்டு வயசுப் பையனா இருக்கும்போது எங்க தோட்டத்துல ஒருத்தர் கமலை ஓட்டினாரு. எங்க அப்பாவைவிட மூத்தவரு, தலை பஞ்சா நரைச்சிருக்கும். நான் அவரைப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன். வா, போதான். ஏன் இன்னும் மாட்டை அவுக்கலைன்னு அதட்டுவேன். அவரு என்னை ஐயான்னு சொல்லுவாரு. எங்க வீட்டுத் திண்ணையைக் கடக்கும்போது தோள்ல கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் போவாரு. திண்ணையில ஆள் இல்லாட்டியும் இடுக்குவாரு. ஒரு தடவை திண்ணையில நான் மட்டும் உக்காந்து பம்பரத்துக்குக் கயிறு சுத்திக்கிட்டிருந்தேன். அதுக்கும் இடுக்கினாரு.

தீண்டாமையைக் குற்றம்னு சட்டம் போட்டது 1955ல. நான் சொல்லுற கதை அதுக்கு நாலு வருஷம் பிந்தி. டெல்லியில இருந்து எங்க ஊருக்கு வரச் சட்டத்துக்குப் பஸ் கிடைக்கல போல. யாரும் எனக்கு அது தப்புன்னு சொல்லல. பெரியவுகளை மதிக்கணும்னு எங்க அப்பா தினமும் சொல்லுவாரு. அந்தப் பெரியவுகள்ல கமலைக்காரரு சேத்தி இல்லைன்னு யாரும் வாயால சொல்லாமலே எனக்குப் புரிஞ்சிருந்தது. இப்பப் பஸ்ஸுல பிள்ளைக எந்திரிக்கலைன்னா, பெரியவுகளை மதிக்கிற காலம் போயிருச்சேன்னு புலம்புதோம். எந்தக் காலம்? எந்தப் பெரியவுக? அந்தக் காலத்துல வயசுக்கா மரியாதை கொடுத்தோம், தெருவுக்குக் கொடுத்தோம். தெருவும் வயசும் ஒண்ணா அமைஞ்சவன் கொடுத்து வச்சவன். நான் கொடுத்து வச்சவன், அதனால எனக்குப் பழைய காலம் இனிக்குது.

இதையெல்லாம் அந்தப் பையன்கிட்டச் சொன்னேனான்னு கேக்காதீக. சொல்லல. விருதுநகர்ல டீ வந்தது, ரெண்டு வாங்கி ஒண்ணை அவன்கிட்டக் கொடுத்தேன். காசு அவன் செல்போன்ல கொடுத்துட்டான். டீயும் அவன் காசு, பெர்த்தும் அவன் பெர்த்து.

ஆனா படுத்துக்கிட்டு ஒண்ணு யோசிச்சேன். இந்த ப்ரோங்கிற வார்த்தையை நான் எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன். கிழவனும் ப்ரோ, குமரனும் ப்ரோ, ஆட்டோக்காரரும் ப்ரோ, ஆபீசரும் ப்ரோ, நல்லதுக்கா இதுன்னு. இப்பச் சொல்லுதேன், அந்த வார்த்தைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது எந்தத் தெருன்னு கேக்காது. அண்ணாச்சின்னு என்னைக் கூப்பிடுற வாயி எத்தனை பேருக்கு அதைச் சொல்லாம முழுங்கியிருக்குன்னு எனக்குத் தெரியும். ப்ரோவுக்கு அந்தப் பாகுபாடு இல்லை. அதுக்காக என்னைக் கூப்பிட்டுப் பழகிராதீக. தாத்தான்னே சொல்லுங்க, பல் விழுந்ததுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேணும்லா.

எளவட்டங்களுக்கும் நாலு வார்த்தை சொல்லாமப் போனா கிழவன் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டான்னு என் சோட்டாளுக திண்ணையில சேத்துக்கிட மாட்டாக. எய்யா, காதுல ரெண்டு மொச்சையையும் போடாதீக, ஒண்ணைப் போடுங்க. ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது உலகத்துக்கு. பின்னால வார லாரிக்கும் ஒரு காது வேணுமே. அப்புறம், பஸ்ஸுல எடம் கொடுக்கிறதுன்னா கொடுத்துட்டு நகந்துருங்க. "பாட்டி, இங்க வந்து உக்காருங்க"ன்னு ஏழூருக்குக் கேக்கக் கூப்பிட்டா, அந்தம்மாவுக்கு அம்பத்தஞ்சு வயசா இருந்து நேத்துத்தான் தலைக்கு மை தடவியிருந்தா, அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது. சந்தேகமா இருந்தா அக்கான்னு சொல்லுங்க, அக்கான்னு சொல்லி எவனும் அடி வாங்கினது கிடையாது. எறங்கப் போற மாதிரி எந்திரிச்சு நடந்தீகன்னா இன்னும் உத்தமம். எங்களுக்கு மானமும் மிஞ்சும், சீட்டும் கிடைக்கும். செல்போன்ல படம் மட்டும் எடுத்துராதீக. தர்மம் பண்ற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு எடம் கொடுக்கிறவனைக் கண்டா எனக்கு நின்னுக்கிட்டே போகலாம்னு இருக்கும், முழங்காலு ஒத்துக்கிடாது.

காலையில அஞ்சு மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டிருச்சு. எந்திரிச்சு உக்காரப் பாத்தேன், நடு பெர்த்து மண்டையில இடிச்சுது. ஆறு மணி வரைக்கும் அது நடு பெர்த்துக்காரரு சொத்து, கேக்க முடியாது. படுத்தமேனிக்கு செல்போனை எடுத்தேன். எங்க ஊரு குரூப்புல காலை வணக்கம் வந்து குவிஞ்சிருக்கும். ரோசாப்பூ, பின்னால சூரியன், அடியில ஒரு நாதஸ்வரம். ஒண்ணைத் தொட்டேன், சத்தம் முழுசா வச்சிருந்தது போல, பெட்டி முழுக்கக் கல்யாணம் களை கட்டிருச்சு. நிப்பாட்டத் தெரியாம அடுத்ததைத் தொட்டேன், ஒரு சித்த மருத்துவரு வெந்தயத்தோட மகிமையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.

28ல இருந்து குரல் வந்தது: "அண்ணாச்சி, அந்தத் தம்பி காதை ஏன் அடைச்சிருக்குன்னு இப்பத்தான் விளங்குது."

அவன் தன் காதை மட்டும் அடைச்சான். நான் பெட்டியில உள்ள அத்தனை காதையும் அடைச்சேன். இதுல யாரு மரியாதை தெரிஞ்சவன்னு தீர்ப்புச் சொல்ல நாட்டாமை வர வேண்டாம். பையன் மேல இருந்து எறங்கி வந்து, ஒண்ணும் பேசாம, போனோட ஓரத்துல இருக்கிற பொத்தானை என் விரலை வச்சே அமுக்கிக் காட்டினான். வெந்தயம் அடங்கிருச்சு. தாம்பரத்துல எறங்கும்போது என் பையையும் சேத்து எறக்கிக் கொடுத்துட்டு, "வாரேன் தாத்தா"ன்னான். போறேன்னு சொல்லல பாருங்க, வாரேன்னான். மெட்ராஸுல வேலை பாத்தாலும் நம்ம பக்கத்துப் பிள்ளைதான். எந்தத் தெருவா இருந்தா என்ன.

அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்து, மறுபடி மெட்ராஸ் போறேன். இந்தத் தடவையும் பேரன் பிந்திட்டான், எஸ் 6ல அதே 27தான் கிடைச்சிருக்கு. தைலம் கொண்டு வரல, செல்போனுக்குச் சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டேன், எந்தத் தெருன்னும் கேக்க மாட்டேன். 25ல யாரு வாரீக?